மொரீஷியஸில் வங்கிக் கணக்கு: உங்களுக்கு என்ன நடந்தது?

எபேன் அக்கா

ஊர் தூத்துக்குடிப் பக்கம், வேலை எபேன் சைபர்சிட்டியில். வந்து இரண்டு வருடம் ஆகிறது. கோபம் ஆறிவிட்டது, அதனால் இப்போது எழுதலாம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்மில் நிறையப் பேருக்கு அப்படித்தான். அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், பாஸ்போர்ட் எடுக்கும்போது அதுவும் உதிர்ந்துவிடும். சென்னையில் இருந்தவரை அது ஒரு குறை என்றே தெரியாது. இங்கே வங்கிக் கவுன்டரில் இருந்த பெண், "நோம் த ஃபாமி?" என்று கேட்டார். குடும்பப் பெயர். இல்லை என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார், ஏதோ நான் ஒளித்து வைத்திருப்பதுபோல.

இதில் வேடிக்கை, அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அச்சு அசல் தமிழ்ப் பெயர். கடைசியில் மட்டும் பிரெஞ்சு வாடை. கப்பலில் வந்த அவருடைய பாட்டனுக்குப் பாட்டனுக்கும் என்னைப் போல ஒற்றைப் பெயர்தான் இருந்திருக்கும். யாரோ ஒரு குமாஸ்தா அதைக் குடும்பத்துக்கே எழுதி வைத்துவிட்டார். அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது, எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

கட்டம் காலியாக இருந்தால் கணினி நகராதாம். மேனேஜர் வந்தார், இரண்டு கட்டத்திலும் என் பெயரையே போட்டார். சரி, இதுவும் ஒரு வழிதான் என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் சிக்கினேன். ஆபீஸில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வைத்திருந்தார்கள். முதல் சம்பளம் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பிப் போனது. இரண்டாம் மாதம் செக்காகக் கொடுத்தார்கள். குறுக்குக்கோடு போட்ட செக், கணக்கில் போட்டால்தான் காசு. அதுவும் திரும்பியது.

கடைசியில் தீர்த்தது ஒரு மூன்று வரிக் கடிதம். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள், பாஸ்போர்ட் எண் இது, என்று எச்.ஆர். எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வரி வர ஆறு வாரம். அதுவரை அறைத்தோழியிடம் கைமாற்று.

முகவரிச் சான்று இன்னொரு கூத்து. மூன்று மாதத்துக்குள் வந்த மின் கட்டண பில்லோ தண்ணீர் பில்லோ கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் சிரித்தார். மின் வாரியமான சி.இ.பி.யின் பில் இன்னும் அவருடைய அப்பா பெயரில் வருகிறது, அப்பா காலமாகிப் பல வருடம். செத்தவர் பெயரில் வரும் பில்லை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று எப்படி நிரூபிப்பது? வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதோடு ஆபீஸ் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஏற்றார்கள்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

காத்ர் போர்ன் கணக்குப்பிள்ளை

அக்கா, வேலைக்குச் சேரும் அன்றைக்கே ஆபீஸில் சொல்லிவிட வேண்டும்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், அழகுபடுத்த வேண்டாம் என்று. வேலை பெர்மிட், வங்கி, சம்பளம் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டல். நானும் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான்.

இன்னொன்று. புதிதாக வந்தவர்கள் எஸ்.பி.எம். பலகையைப் பார்த்து நம்ம ஸ்டேட் பேங்க் என்று உள்ளே போய்விடுகிறார்கள். அது மொரீஷியஸின் ஸ்டேட் பேங்க், வேறு வங்கி. நம் ஸ்டேட் பேங்கின் துணை நிறுவனமும் இங்கே உண்டு, பேங்க் ஆஃப் பரோடாவும் உண்டு. நம்மூர் வங்கி என்றால் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்ற நினைப்பில் நான் போனேன். அதே காகிதம், அதே கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது இந்த நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் மொரீஷியஸ்தானே.

தையல் மிஷின்

எங்கள் கதை வேறு மாதிரி. நான் ஆயத்த ஆடை ஃபேக்டரி. எங்களுக்குக் கணக்குத் திறப்பதே கம்பெனிதான். ஒரு நாள் வங்கி ஆட்கள் விடுதிக்கே வந்து நாற்பது பேருக்கு வரிசையாகப் போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிப் போனார்கள். முகவரி என்றால் கம்பெனி கொடுக்கும் கடிதம். பெயர்ச் சிக்கல், பில் சிக்கல் ஒன்றும் இல்லை. இருபது நாளில் கார்டு கைக்கு வந்தது.

சிக்கல் அப்புறம் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப ஒவ்வொருவரும் தனியாகக் கட்டணம் கட்டுவானேன் என்று எட்டுப் பேர் சேர்ந்து ஒரு அண்ணன் கணக்கில் போடுவோம். அவர் ஒரே தடவையாக அனுப்புவார், ஊரில் அவர் தம்பி பிரித்துக் கொடுப்பார். நாலு மாதம் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் மாதம் அவர் கணக்கை நிறுத்திவிட்டார்கள். உன் சம்பளம் இவ்வளவுதான், எட்டு மடங்கு எங்கிருந்து வந்தது என்று கேள்வி. எட்டுப் பேரும் சம்பளச் சீட்டோடு போய் நின்றோம். பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்த அண்ணனுக்கு இரண்டு மாதம் தூக்கமில்லை. அதில் ஒருவர் வீட்டில் கல்யாணம் தள்ளிப்போனது.

நாங்கள் திருடவில்லை, கட்டணம் மிச்சம் பிடித்தோம், அவ்வளவுதான். ஆனாலும் வங்கியின் கண்ணில் அது வேறு மாதிரித் தெரியும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

காத்ர் போர்ன் கணக்குப்பிள்ளை

தம்பி, இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பணச் சலவைத் தடுப்பு போதவில்லை என்று 2020 பிப்ரவரியில் எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு இந்த நாட்டைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில், போட்டது. வெளியே வந்தது 2021 அக்டோபரில். சூடு கண்ட பூனை. பெரிய ஆட்களின் கோடிகளைப் பார்த்து வந்த பயம், நம் எட்டுப் பேர் சம்பளத்தின் மேல் வந்து விழுகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

மொக்கா வாத்தியார்

எபேன் தங்கச்சி, கவுன்டரில் தமிழ் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம், கையில் இருக்கிறதே! அடுத்த முறை நூறு ரூபாய் நோட்டை எடுத்து நிதானமாகப் பாருங்கள். தமிழ் எழுத்து இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. நூறைக் குறிக்கும் ௱ என்ற குறியை எங்கள் ஊரில் எந்தக் கடையில் பார்த்திருக்கிறோம்? அந்த நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், இந்தத் தீவின் தமிழ் வம்சாவளி அரசியல்வாதி.

1998 இல் புது நோட்டுகள் அடித்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் தமிழ் அல்ல, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் சனம்தான் அதற்காக நின்றது. எனக்கு முதல் சம்பளம் ரொக்கமாக வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், கேஷியர் இருமிக் காட்டினார்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

ரீயூனியன் பக்கத்து வீடு

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே பிரெஞ்சுச் சட்டம். சொந்தப் பெயரில் பில் இல்லாதவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் எழுதும் சான்று, அவருடைய அடையாள அட்டை நகல், அவருடைய பில், இந்த மூன்றும் போதும். எனக்குச் செயின்ட் டெனியில் ஒரு வங்கி முடியாது என்றது. முடியாது என்பதை எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதை இயதோம் என்ற அமைப்பின் அலுவலகத்தில் கொடுத்தால், பிரான்ஸின் மத்திய வங்கியான பாங்க் த ஃபிரான்ஸ் சார்பில் ஒரு வங்கியைக் குறித்துக் கொடுப்பார்கள், அந்த வங்கி கணக்குத் திறந்தே ஆக வேண்டும். அடிப்படை வசதிதான் கிடைக்கும், ஆனால் கணக்கு எண் கையில் வந்துவிடும். அது இல்லாமல் இங்கே மாதக் கட்டண போன் இணைப்பு வாங்குவதுகூடக் கஷ்டம்.

புதுசு

நான் அடுத்த மாதம் வருகிறேன். ஊரில் இருக்கும் என் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? சம்பளத்தை அதற்கே அனுப்பலாம் என்று நினைத்தேன்.

காத்ர் போர்ன் கணக்குப்பிள்ளை

கூடாது தம்பி. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியதும் நீங்கள் இந்திய அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி வெளிநாடு வாழ்பவர். பழைய கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊர் வாடகை, டிவிடெண்ட் எல்லாம் அதில் வரட்டும். இங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்து வரலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் முப்பது சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள்.

பான் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். இங்கே கணக்குத் திறக்கும்போது எந்த நாட்டில் வரி கட்டுகிறாய் என்று ஒரு படிவம் நீட்டுவார்கள், அதில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே ஊர் வங்கியில் உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் போலவே மாற்றிவிடுங்கள். அக்கா கதையைப் படித்தீர்கள் அல்லவா.

எபேன் அக்கா

அதை மாற்றாததால் பட்டேன், எழுத மறந்துவிட்டேன். ஊர்க் கணக்கில் நான் இனிஷியலோடு ஒருத்தி, இங்கே இரட்டைப் பெயரோடு ஒருத்தி. முதல் தடவை அனுப்பிய பணம் நடுவில் பத்து நாள் நின்றது. இடையில் இருந்த வங்கி தன் பங்குக்குக் கட்டணம் பிடித்துக்கொண்டது. மறுபடி அந்த மூன்று வரிக் கடிதம்தான் காப்பாற்றியது. இப்போது நாலு நகல் பையிலேயே கிடக்கிறது.

கார்டைப் பற்றிக் கேட்காதீர்கள். என் பெயர் ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து. இரண்டு முறை போட இடம் போதாமல், இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது. போன வாரம் ரோஸ் ஹில் சந்தையில் முருங்கைக்கீரைக்குப் போனில் பணம் அனுப்பினேன். கீரைக்காரர் திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு, யாரோ இரண்டு பேர் சேர்ந்து கொடுத்தது போலிருக்கிறது என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார்.