வான்கதவு திறந்தால் அணை உடையுமா? இலங்கை மலையகத்தில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு மழை இரவு

நோர்வூட் சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! காசல்ரீ அணையில் வெடிப்பு. விடிவதற்குள் உடையும். எல்லாருக்கும் அனுப்பவும்.

நோர்வூட் சித்தி: இது உண்மையா? பிள்ளைகளின் உடுப்பை எல்லாம் பையில் போட்டுவிட்டேன்.

கம்பளை அண்ணன்: எனக்கும் இதே செய்தி வந்தது சித்தி. அணையின் பெயர் மட்டும் கொத்மலை.

தலவாக்கலை அக்கா: எனக்கு மேல் கொத்மலை. ஒரே ராத்திரியில் மூன்று அணையா? நல்ல சுறுசுறுப்பான ஆள் 😂

நோட்டன் மாமா: தங்கச்சி, நோர்வூட் அணைக்கு மேல் பக்கம். உன் வீட்டைத் தாண்டி ஓடுகிற கெஹல்கமு ஓயாதான் காசல்ரீயை நிரப்புகிறது. அணைக்கு ஏதாவது நடந்தால் தண்ணீர் வருவது நோட்டன் பக்கம், என் வீட்டுப் பக்கம். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறேன்.

நோர்வூட் சித்தி: அணைக்கு மேலால் வழிகிற வீடியோவும் வந்ததே அண்ணே?

நோட்டன் மாமா: வழிகிறது உண்மை. மழைக்காலத்தில் வழியத்தான் செய்யும். அது 1965இல் கட்டிய கொங்கிரீட் அணை, 48 மீற்றர் உயரம், தன் பாரத்தாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்பது. வழிவதற்கென்றே இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஆற்றில் போய் நிற்பவனுக்குத்தான் ஆபத்து.

கம்பளை அண்ணன்: கொத்மலை அப்படி இல்லையே மாமா. அது கல்லைக் கொட்டிக் கட்டியது என்பார்கள்.

நோட்டன் மாமா: சரியாகக் கேட்டாய். 87 மீற்றர் உயரத்துக்குப் பாறையைக் குவித்து, தண்ணீர்ப் பக்கம் கொங்கிரீட் முகம் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி அணையின் மேலால் தண்ணீர் போகவே கூடாது, போனால் அரித்துவிடும். அதனால்தான் மட்டம் ஏறும்போதே, மேலதிகத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவைத் திறக்கிறார்கள். கதவு திறந்தால் அணை உடையப் போகிறது என்று நம் ஆட்கள் ஓடுகிறார்கள். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால்தான் ஓட வேண்டும்.

கம்பளை அண்ணன்: விளங்குது. ஆனால் 2025 நவம்பரில் டித்வா புயலில் கம்பளை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு எந்தச் செய்தி வந்தாலும் வயிறு கலங்கும். கேலி செய்யாதீங்க.

தலவாக்கலை அக்கா: கேலி இல்லடா. இங்கே மேல் கொத்மலை சின்னத் தேக்கம், ஒரு நாள் மழைக்கே கதவு திறக்கும். சைரன் பழகிவிட்டது. கதவு திறந்தால்தான் சென்கிளயார் அருவியும் பழைய மாதிரி கொட்டுது. என் ஆத்திரம் வேறு. போன மாதம் அறிவிப்பு வாகனம் வந்து சிங்களத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போனது. ஆற்றோரத்து லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாட்டிமாருக்கு என்ன விளங்கும்?

நோட்டன் மாமா: அதை எழுத்தில் கொடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

கொழும்பு தம்பி: அணையே உடையாது என்றும் சொல்ல முடியாது மாமா. 1986 ஏப்ரல் 20 விடியற்காலை கந்தளாய்க் குளம் உடைந்து 120 பேருக்கு மேல் செத்தார்கள். 2008இல் உலக வங்கிக் கடனில் 32 பெரிய அணைகளைத் திருத்தும் வேலை தொடங்கியது. கந்தளாய் உடைந்து அதற்கு 22 வருஷம் போயிருக்கு.

நோட்டன் மாமா: நான் மறுக்கவில்லை தம்பி. பெரிய அணைக்குக் கசிவு அளக்க, மட்டம் பார்க்க ஆள் இருக்கிறது. சமனலவெவ அணை 1992இல் இருந்து வலது கரையில் கசிகிறது. படகில் மண் கொண்டுபோய்க் கொட்டியும் அடைபடவில்லை. இன்றும் அளந்துகொண்டே இருக்கிறார்கள், அந்தத் தண்ணீரில் கல்தோட்டையில் வயல் செய்கிறார்கள். கசிவு இருப்பது பெரிய காரியம் இல்லை. கூடுகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கலங்கல் என்றால் உள்ளே மண் கரைந்து வருகிறது.

நோர்வூட் சித்தி: அப்படியென்றால் எங்கள் மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்துக் குளம்? வெள்ளைக்காரன் காலத்து மண் கரை. அடியில் முந்தாநாளில் இருந்து செம்மண் தண்ணீராக ஊறுகிறது. மழை என்றுதான் நினைத்தேன்.

நோட்டன் மாமா: என்ன??

நோட்டன் மாமா: தங்கச்சி, குளம் எவ்வளவு நிரம்பி இருக்கிறது? வழிகிற வாய்க்கால் திறந்து இருக்கிறதா?

நோர்வூட் சித்தி: விளிம்பு வரைக்கும். வாய்க்காலில் கவ்வாத்து வெட்டிய மிலாறு, தேயிலைக் கிளைதான், அடைத்துக் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

நோட்டன் மாமா: சரி. காசல்ரீயை மற. இப்போதே மேல் லயம், கீழ் லயம் ஆட்கள் எல்லாரையும் எழுப்பிக் கோயில் மண்டபத்துக்குப் போங்கள். பள்ளத்து வழியாக வேண்டாம், ரோட்டு வழியாகப் போ.

கொழும்பு தம்பி: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடித்தேன். தோட்டத்தின் பெயர், பிரிவு எல்லாம் சொல்லிவிட்டேன். சித்தி, கிராம சேவகருக்கு நீங்கள் பேசுங்கள், உள்ளூர் ஆள் பேசினால்தான் வருவார்.

நோர்வூட் சித்தி: பேசினேன், வருகிறாராம். பெடியன்கள் வாய்க்காலை வெட்டிவிடப் போகிறார்கள்.

நோட்டன் மாமா: இருட்டில் ஒருத்தரும் கரையில் ஏறக் கூடாது! கரையை வெட்டவே வேண்டாம், மொத்தமாக இழுத்துக்கொண்டு போகும். விடியட்டும், மேலே நின்று மிலாறை மட்டும் இழுத்து எடுக்கலாம். அதுவும் பொறுப்பான அதிகாரி வந்து பார்த்த பிறகு.

தலவாக்கலை அக்கா: சித்தி, போர்வை இருக்கா? நான் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

நோர்வூட் சித்தி: 14 குடும்பம் மண்டபத்தில். கீழ் லயத்தில் இரண்டு வீடு வரமாட்டோம் என்கிறார்கள். வட்ஸ்அப்பில் காசல்ரீ பொய் என்று வந்துவிட்டதாம், அதனால் இதுவும் பொய்யாம்.

நோட்டன் மாமா: அவர்கள் நம்பரை அனுப்பு. நான் பேசுகிறேன்.