8 வீட்டுக் கட்டடத்துக்கு இணைப்பு எவ்வளவு கேட்பது?

புதுவீடு:
நாலு தளம், 8 வீடு, ஒரு லிஃப்ட். பிளான் கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் கரண்ட், தண்ணீர், சாக்கடை எதற்குமே இன்னும் விண்ணப்பம் போடவில்லை என்று உறைத்தது. வீட்டுக்கு 10 கிலோவாட், பொதுவுக்கு 15, ஆக 95 என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படியே 95 கேட்கலாமா? தண்ணீருக்கு ஒரு அங்குலக் குழாய் போதும் என்கிற பிளம்பரிடம் கணக்கு கேட்டால், "எல்லா இடத்திலும் அதுதான் சார்" என்கிறார்.

ஒயரிங்காரன்:
95 என்பது மாட்டியிருக்கும் எல்லாவற்றின் கூட்டல். எட்டு வீட்டிலும் கீசர், ஏசி, இஸ்திரிப்பெட்டி ஒரே நிமிடத்தில் ஓடப்போவதில்லை. வீடுகளின் 80-ஐப் பாதியாக்கி (பாதி என்பது என் கைக்கணக்கு, உங்களுக்குக் கரண்ட் தருபவர்களின் விதியில் என்ன காரணி இருக்கிறதோ அதைப் போடுங்கள்) லிஃப்ட், மோட்டார் 15-ஐக் குறைக்காமல் சேர்த்தால் 55. 400 வோல்ட் த்ரீ ஃபேஸ், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.9 என்றால் 88 ஆம்பியர்தான் வரும், 95-க்கு 152. கேபிள், மெயின் சுவிட்ச், டெபாசிட் எல்லாமே இதை வைத்துத்தான்.

ஆனால் கார் சார்ஜர் வந்தால் இந்தப் பாதிக் கணக்கு செல்லாது. 7.4 கிலோவாட் சார்ஜர் எட்டும் ராத்திரி ஒன்றாக ஓடினால் 59, மொத்தக் கட்டடத்தையே தாண்டிவிடும். லோடைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி வைக்க வேண்டும், இப்போதைக்குப் பின்னால் கேபிள் இழுக்கக் காலிக் குழாயாவது புதைத்து வையுங்கள்.

குழாயடி:
நேரடி இணைப்பா, தொட்டியா என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? தொட்டி என்றால் குழாய் அன்றன்றைய தேவைக்கு அதை நிரப்பினால் போதும். ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர், வீட்டுக்கு 4 பேர், ஆக எட்டு வீட்டுக்கும் 4,800 லிட்டர். நாள் முழுக்க வந்தால் மணிக்கு 200 லிட்டர், இரண்டே மணி நேரம் வந்தால் நிமிடத்துக்கு 40. நேரடி என்றால் எத்தனை குழாய் ஒரே நேரத்தில் திறக்கும் என்று பார்க்கணும். அமெரிக்கர் ராய் ஹண்டர் 1940-இல் குழாய், கழிப்பறை என ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துப் போட்ட கணக்கு அதற்குத்தான். 10 மீட்டர் ஏறினாலே ஒரு பார் அழுத்தம் போய்விடும். அதே ஓட்டத்துக்கு உள்விட்டம் 25 மில்லிமீட்டருக்குப் பதில் 32 என்றால் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

ரசமட்டம்:
சாக்கடையைப் பற்றி யாருமே பேசவில்லையே! கரண்டையும் தண்ணீரையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம், சாக்கடைக்குச் சரிவு வேண்டும். மனை சமதளம், தெரு வரை 30 மீட்டர், 60-க்கு 1 சரிவு என்றால் அரை மீட்டர் இறங்கும். கட்டடத்தை விட்டு 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கிளம்பினால் தெருவில் 1.1 மீட்டர். அங்கே தெருச் சாக்கடைக் குழாய் 90 சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஓடினால்? நான் ஒரு வேலையில் தளம் போட்ட பிறகு 20 சென்டிமீட்டர் குறைகிறது என்று கண்டுபிடித்தேன், இன்றுவரை அங்கே பம்ப்தான், கரண்ட் போனால் தரைத்தளத்துக்காரர் எனக்குத்தான் போன் போடுவார். மேன்ஹோல் மூடியைத் திறக்கவைத்து மேலிருந்தே டேப் விட்டு அளந்து பாருங்கள், உள்ளே இறங்கக் கூடாது.

புதுவீடு:
அளந்தாச்சு, 1.35 மீட்டர், தப்பித்தேன். தண்ணீர் தினம் 3 மணி நேரம்தான், அதனால் தொட்டி. அந்தக் காலிக் குழாய் என்ன அளவு?

ஒயரிங்காரன்:
100 மில்லிமீட்டர், இரண்டு. உள்ளே நைலான் கயிறு விட்டு இரு முனையையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் எலி குடியேறிவிடும்.