புதுப்பிப்பு: பட்டிப்பொல பைனஸ் காட்டுக் கெபின்

டிசம்பரில் நுவரெலியா மாவட்டத்துப் பட்டிப்பொல பக்கம் பைனஸ் (ஊசியிலை மரம்) காட்டோரக் கெபினில் இரண்டு இரவு தங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அப்போது மழையும் ஈரமும் அதிகம் என்று பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பயணத்தைப் பெப்ரவரிக்கு மாற்றிவிட்டோம்.

போன ஞாயிறு மச்சானும் நானும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நீங்கள் சொன்ன ஈரம் உண்மைதான். அடுப்படியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினேன்; குச்சியின் மருந்து பெட்டியிலேயே சிவப்பாக அப்பிக்கொண்டது. தலையணையில் பூஞ்சண வாடை. வெளியே பைனஸ் சருகு மேலே காய்ந்த மாதிரித் தெரிகிறது, கையை உள்ளே விட்டால் சொதசொதவென்று நனைந்திருக்கிறது. ஆகவே தீப்பெட்டி, உப்பு, மாற்றுடுப்பு எல்லாம் மூடி இறுக்கமான டப்பாக்களில். தலையணை உறை நாங்களே கொண்டுபோகிறோம்.

இரத்தம் உறிஞ்சும் அட்டை காட்டுக்குள்ளே குறைவு. ஓடைக்கரைப் புல்லில்தான் என் கணுக்காலில் மூன்று ஏறின. காலுறையில் சவர்க்காரம் தேய்க்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி, மச்சான் தப்பினார்.

பெப்ரவரியில் மழை குறைவு, ஆனால் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம், இரவில் கடுங்குளிர். அம்மாவும் வருவதால் கம்பளி இரண்டு கூடுதலாக. வெளியே நெருப்பு மூட்டமாட்டோம். மழை விட்டு நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்தப் பிசின் சருகு ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.