பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் அலகுத்தேர்வு: ஒன் மார்க் மட்டும் வைக்கலாமா, எழுத வைப்பதா?

கரும்பலகை:
எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இரண்டு செக்‌ஷன், எண்பது பிள்ளைகளுக்கு மேல். அடுத்த வாரம் மின்னோட்டவியல் பாடத்துக்கு அலகுத்தேர்வு வைக்க வேண்டும். எந்த வடிவத்தில் வைப்பது என்பதுதான் குழப்பம்.

தலைமையாசிரியர், "எதை வைத்தாலும் பப்ளிக் மாதிரியே வைங்க" என்கிறார். பக்கத்து வகுப்பு சார் 25 ஒன் மார்க் கொடுத்து, பிள்ளைகளையே மாற்றித் திருத்த வைத்து, ஒரே பீரியடில் முடித்துவிடுகிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. ஓம் விதியைக் கேட்டால் வெப்பநிலை மாறக்கூடாது என்பது வரை ஒரு எழுத்து பிசகாமல் எழுதுகிறார்கள். அதே பையனிடம் ஒரே மாதிரியான இரண்டு பல்பைத் தொடர் இணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டால், பிளஸ் பக்கம் இருப்பது என்கிறான். முதல் பல்பு கரண்டைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததுக்கு அனுப்பும் என்று விளக்கம் வேறு! புக் பேக் கேள்விகளில் 90 சதவீதம் எடுக்கிற பையன் அவன்.

இதையெல்லாம் வெளியே கொண்டுவர எந்த மாதிரித் தேர்வு வைப்பது? திருத்தவும் நேரம் வேண்டுமே.

ஸ்டாஃப் ரூம்:
சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் தலைமையாசிரியர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பப்ளிக்கில் 75 மார்க்குக்கு 12 ஒன் மார்க், ஏழு இரண்டு மார்க், ஏழு நாலு மார்க், மூன்று ஏழு மார்க். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதே தனிப் பழக்கம். கடைசி பெஞ்ச் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வில் 20 தாண்டுவதுதான் மலை. ஏழு மார்க் கேள்விக்கு வெறும் படம் வரைந்து பாகம் குறித்தாலும் மார்க் உண்டு என்பது எழுதிப் பழகியவனுக்குத்தான் தெரியும். பழகாதவன் அந்தப் பக்கத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு வருவான். ஒன் மார்க் விடையை அ, ஆ என்ற குறியீட்டோடு சேர்த்து எழுத வேண்டும் என்பதைக்கூட நான் மார்ச் வரை கத்த வேண்டியிருக்கிறது. பல்பு கேள்வியெல்லாம் பாடம் நடத்தும்போது வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வு என்றால் பப்ளிக் மாதிரிதான்.

மூணாவது பீரியட்:
தம்பி, நான் இந்தப் பாடத்தைப் பல வருஷமாக எடுக்கிறேன், பாடநூல் மாறி மாறி வந்தும் பிள்ளைகள் செய்கிற தப்பு மட்டும் மாறவே இல்லை. அதனால் நான் வினாத்தாளை மாதிரியிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். தப்புகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். எந்தத் தப்பு எந்தக் கேள்வியில் மாட்டும் என்று பார்த்தால் வடிவம் தானாக அமைந்துவிடும்.

ஒன் மார்க்கை மட்டமாக நினைக்காதே. அதில் உழைப்பு முழுக்க தப்பான விடைகளில்தான் இருக்கிறது. 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில், தொகுபயன் மின்தடை எவ்வளவு? நான் கொடுப்பது: 9, 0.5, 18, 2. ஒன்பது போட்டவனுக்கு எல்லாமே தொடர் இணைப்புதான். பாயின்ட் ஐந்து போட்டவன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு கடைசியில் தலைகீழாக்க மறந்தவன்; அவனைப் பாடத்துக்குத் திரும்ப இழுக்க வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் போதும். பதினெட்டு போட்டவன் பெருக்கல் வரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறான், கூட்டலால் வகுப்பதை விட்டுவிட்டான். எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று எண்ணினால் மறுநாள் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது தெரிந்துவிடும். கைடில் இருக்கிற ஒன் மார்க்கில் இது கிடைக்காது. அங்கே மூன்று விடை சும்மா இடம் நிரப்பத்தான். இயக்கவியலுக்கு அமெரிக்காவில் ஹெஸ்டினஸ் குழு 1992-ல் வெளியிட்ட வினாத்தொகுப்பும் இதே வழிதான். பிள்ளைகள் இயல்பாக நம்புகிற தவறுகளையே விருப்ப விடைகளாக வைத்தார்கள், பல்கலைக்கழக மாணவர்களே அதில் தடுமாறினார்கள்.

உன் பல்பு கேள்விக்கு வருகிறேன். அதை ஒன் மார்க்காகவே வை, ஆனால் கீழே இரண்டு வரி விட்டு "ஏன்?" என்று போடு. நாலு விடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் 25-ல் ஆறு வந்துவிடும். "ஏன்" கேட்டால் அந்த ஆறு உதிர்ந்துவிடும். "இரண்டும் சமமாக எரியும்" என்று சரியாகப் போட்டுவிட்டு "ஏனென்றால் கரண்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்" என்று எழுதுகிறவன் எப்படியும் அஞ்சாறு பேர் இருப்பான். வெறும் ஒன் மார்க்கில் அவனுக்கு முழு மார்க் போட்டு நீயும் சந்தோஷமாகப் போயிருப்பாய்.

எழுத வைப்பது எதற்கு என்றால், புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விக்கு. "வீடுகளில் பக்க இணைப்பு ஏன்?" என்று கேட்காதே, அது மனப்பாடமாக வரும். நான் கேட்பது இது. ஊர்த் திருவிழாவில் சீரியல் லைட் போட்டிருக்கிறார்கள். ஒரு பல்பு போனதும் ஒரு சரம் மட்டும் அணைந்துவிட்டது, பக்கத்துச் சரமெல்லாம் எரிகிறது. எப்படி இணைத்திருப்பார்கள், படம் வரை. நாலு மார்க். சரத்துக்குள்ளே தொடர், சரங்களுக்கு இடையே பக்கம் என்று வரைய வேண்டும். பந்தல்காரர் வீட்டுப் பையன் ஒருவன், எதிலும் 30 தாண்டாதவன், இதை ஸ்விட்ச், ஃப்யூஸ் எல்லாம் போட்டு வரைந்து கொடுத்தான். கிளாஸ் ஃபர்ஸ்ட் வாங்குகிற பெண் ஓம் விதியை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆக ஒரு பீரியடுக்கு: காரணத்தோடு எட்டு ஒன் மார்க், ஒரு கணக்கு, ஒரு படம். அவ்வளவுதான். பப்ளிக் மாதிரியை காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் எல்லாம் பார்த்துக்கொள்ளும். ஸ்டாஃப் ரூம் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

தமிழம்மா:
அறிவியல் சண்டையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் பாடத்தில் ஒரு விஷயம்: ல, ள, ழ பிழையைச் சோதிக்க நாலு விடை கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. "பள்ளி, பல்லி, பழ்ளி" என்று அச்சில் மூன்றையும் பார்த்துவிட்டால் நல்லா எழுதுகிறவனும் குழம்பிவிடுகிறான். சொல்வதை எழுதச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். செய்யுள் என்றால் எழுத வைப்பதைவிட வாயால் ஒப்பிக்க வைப்பேன். சீர் பிரித்துச் சொல்கிறானா, மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்துகிறானா என்பது பேப்பரில் தெரியாது.

சாக்பீஸ் 2012:
முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி தேர்வுக்கு 60 என்று பிரித்தார்களே, இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தானே அதைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளியில் என்ன ஆனது? செயல்பாடு என்றால் சார்ட். பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனரி கடையில் மின்சுற்றுப் படம் அச்சாகவே விற்றது. வாங்கி ஒட்டினால் முழு மார்க். வடிவத்தை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது. மூணாவது பீரியட் டீச்சர் சொல்கிற திருவிழாக் கேள்வியும் இரண்டு வருஷத்தில் கைடில் வந்துவிடும், பாருங்கள்.

மூணாவது பீரியட்:
வரட்டுமே. அடுத்த வருஷம் கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டில் இரண்டு சரத்தை அணைத்துவிடுவேன்.

கரும்பலகை:
டீச்சர், மிக்க நன்றி. தலைமையாசிரியரிடம் பேசினேன். இந்த ஒரு தேர்வுக்குச் சரி என்றார், மதிப்பெண் பதிவேட்டில் 25-க்கு மாற்றிப் போட வேண்டுமாம். ஒரே சந்தேகம். "ஏன்" என்பதற்கு எப்படி மார்க் போடுவது? விடை சரி, காரணம் தப்பு என்றால்? எண்பது பேர் எழுதுகிற "ஏன்" எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

மூணாவது பீரியட்:
விடைக்கு அரை, காரணத்துக்கு அரை. விடை தப்பாக இருந்தாலும் காரணத்தைப் படி, சில சமயம் யோசனை சரியாக இருந்து கேள்வியைத்தான் தப்பாகப் படித்திருப்பான். எல்லாப் பேப்பரையும் ஒன்றாம் கேள்வி மட்டும், பிறகு இரண்டாம் கேள்வி மட்டும் என்று திருத்து. பேப்பர் பேப்பராகப் போனால் கை ஓடாது, மார்க்கும் ஆளைப் பார்த்து ஏறி இறங்கும். இருபது பேப்பருக்குள் அதே நாலு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும், 1, 2, 3, 4 என்று ஓரத்தில் நம்பர் போட்டுக்கொண்டே போ.

முடிந்ததும் செக்‌ஷனுக்கு மேல் மதிப்பெண் 11 பேரையும் கீழ் 11 பேரையும் எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் இரு பக்கமும் எத்தனை பேர் சரி என்று பார். கீழே உள்ளவர்கள் அதிகம் சரியாகப் போட்ட கேள்வி ஏதாவது இருந்தால் அதை வெட்டிவிடு, பெரும்பாலும் நீ எழுதிய வாக்கியத்தில்தான் கோளாறு இருக்கும்.

கணக்குக்கு 6 ஓம், 3 ஓம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பி செக்‌ஷனுக்கு 12-ம் 4-ம் கொடு. மதியம் சாப்பாட்டு வரிசையில் விடை கைமாறிவிடும்.