மறுமொழி: பூட்டி நிறுத்திய காருக்குள் ஏறும் சூடு – ‘தேங்குவெப்பம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு ஏறுவதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நேற்று முன்மொழியப்பட்ட ‘வெப்பப்பொறி’ வேண்டாம் என்பது என் கருத்து. எலிப்பொறியை நினைத்துச் சொன்னாலும், இயற்பியல் படித்தவர் காதில் அது நீராவி இயந்திரமாகவே விழும்.

‘பசுங்குடில் விளைவு’ என்றே விட்டுவிடலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். வளிமண்டலத்தில் அந்தப் பெயரால் குறிக்கப்படுவது, வளிகள் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, உறிஞ்சித் திருப்பி அனுப்புவது. காரில் முதற்காரணம் வேறு. சூடேறிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு அகச்சிவப்பைத் தடுக்காத இந்துப்புத் தகடு. வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியே வடிகட்டி அனுப்பியபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், 55° செல்சியஸ் வரை சூடேறின. மூடியிருப்பதுதான் முக்கியம், எதனால் மூடினோம் என்பது அவ்வளவாக இல்லை.

காருக்குள் வரும் வெயில் காற்றை நேரே சூடாக்குவதில்லை. கறுப்பு டேஷ்போர்டும் இருக்கையும் அதைக் குடித்துவிட்டு, தம்மைத் தொடும் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கின்றன. சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டு விரலை வெடுக்கென இழுத்தவருக்கு இது தெரியும். 2018இல் வெளியான அரிசோனா ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்காற்று சராசரியாக 47° செல்சியஸ், டேஷ்போர்டோ 69°.

ஆகவே ‘தேங்குவெப்பம்’. வினைத்தொகை என்பதால் தேங்கிய, தேங்குகின்ற, தேங்கும் என முக்காலமும் அடங்கும். ‘காற்றுத் தடைதான் காரணம் என்றால், ஜன்னலைச் சற்றே இறக்கினால் சூடு குறைய வேண்டுமே’ என்று கேட்பீர்கள். குறைவதில்லை, 2005ஆம் ஆண்டு ஆய்வும் அதைக் காட்டியது. வரத்து பெரிதாக இருக்கும் ஏரியில் கரையோரக் கசிவால் நீர்மட்டம் இறங்குமா? இந்தச் சொல் அந்த விடையையும் தன்னுள் வைத்திருக்கிறது.

‘புழுக்கம்’ நல்ல சொல், ஆனால் அதில் ஈரமும் வியர்வையும் கலந்திருக்கின்றன. உலர்ந்த வெயிலில் கார் இதே அளவு ஆபத்தானது. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும் தாய்க்கோ தந்தைக்கோ அகராதி தேவைப்படக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வினையாகச் சொல்ல ‘தேங்குவெப்பமடைகிறது’ என்று நீட்ட வேண்டாம். ‘காருக்குள் வெப்பம் தேங்குகிறது’ என்றாலே போதும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.