இடவருபெயர்: கவாடத்தைத் தேடும்போது தேவைப்பட்ட சொல்

ஓர் இடத்தின் பெயர் விகுதி ஏற்றோ உரு மாறியோ ‘அவ்விடத்தைச் சேர்ந்தது’ என்று பொருள் தரும் வடிவத்துக்குத் தமிழில் தனிச்சொல் ஒன்று வேண்டும். அது ஏன் என்பதைக் கவாடம் என்னும் சொல்லைக் கொண்டு பார்க்கலாம். வால்மீகி இராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில், தென்றிசை செல்லும் வானரர்க்கு வழி சொல்லும் சுக்கிரீவன், பொன்னால் ஆனதும் முத்தும் மணியும் அணிந்ததுமான ‘கவாடம் பாண்ட்யானாம்’ ஒன்றைக் காண்பீர்கள் என்கிறான். கவாடம் என்றால் கதவு. அது பாண்டியர் நகரின் வாயிற்கதவா, கவாடம் என்னும் பெயருடைய ஊரேயா என்பது அந்த அடியை மட்டும் வைத்துத் தீர்வதில்லை. இறையனார் களவியல் உரை கபாடபுரத்தை (கபாடம் கவாடத்தின் மறுவடிவம்) இடைச்சங்கம் இருந்த ஊராகச் சொல்வதை அறிந்த நாம், அந்த நினைவோடு படித்து, ஊர் என்றே முடிவுகட்டிவிடுகிறோம். பல நூற்றாண்டு பிந்திய உரையைக் கொண்டு முந்திய நூலுக்குப் பொருள் காண்பது முறையன்று.

இங்கே துணைநிற்பது கௌடில்யரின் அரசியல் நூலான அர்த்தசாத்திரம். கருவூலத்தில் சேர்க்கத்தக்க மணிகளை ஆராயும் பகுதியில், தாம்ரபர்ணிகம், பாண்ட்யகவாடகம், மாஹேந்த்ரம், ஹைமவதம் என முத்துகள் பிறந்த இடத்தால் பெயர் பெறுகின்றன. மஹேந்த்ரம் முதலெழுத்து நீண்டு மாஹேந்த்ரம் ஆவது போல, ஹிமவத் என்பது ஹைமவதம் ஆவது போல, கவாடம் ககர விகுதி ஏற்றுக் கவாடகம் ஆகிறது. இந்த வரிசையில் நிற்பதாலேயே, அச்சொல் வெறும் கதவாக நில்லாமல் ஓர் இடத்துக்குப் பெயராகியிருந்தது என்று துணியலாம். பதஞ்சலியின் வடமொழி இலக்கண நூலான மகாபாடியத்தில் வரும் ‘காஞ்சீபுரக’ (காஞ்சீபுரத்தைச் சேர்ந்த) என்னும் வடிவமும் இவ்வகையினதே. தனித்து நிற்கும் பெயரைவிட, விகுதி ஏற்ற வடிவமே பல இடங்களில் உறுதியான சான்றாகிறது என்பதால்தான் இதற்குத் தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

‘இடவாகுபெயர்’ (இடத்தின் பெயர் அங்குள்ளவர்க்கு ஆகிவருவது) என்பதை இதற்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ‘ஊர் சிரித்தது’ என்னும்போது சொல் அப்படியே நிற்க, பொருள் மட்டுமே மக்களுக்கு ஆகிவருகிறது. கவாடகத்திலோ சொல்லே மாறியிருக்கிறது. வீரசோழியம் என்னும் இலக்கண நூல் ஆளும் ‘தத்திதம்’ (பெயரோடு விகுதி சேர்ந்து பிறக்கும் புதுப்பெயர்) பொருத்தமானதுதான். ஆயினும் தந்தை பெயரால் மகனுக்கு வரும் பெயர் முதலியவற்றையும் அது தழுவுவதால், இடத்தை மட்டும் சுட்டாது. நன்னூல் வழியில் ‘இடப்பெயர்ப் பகுபதம்’ (பகுதி, விகுதி எனப் பிரிக்கத்தக்க சொல் பகுபதம்) எனலாம். பொருள் சரியே, ஆனால் கட்டுரையில் பத்து முறை எழுத நேர்ந்தால் சொல் கனக்கிறது.

பகுபதத்துக்கு இலக்கணம் சொல்லும் அதே நூற்பாவில் பொருள், இடம், காலம் முதலியவற்றின் அடியாகப் பிறப்பதை நன்னூலார் ‘வருபெயர்’ என்கிறார். அதிலிருந்தே ‘இடவருபெயர்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘கவாடத்துக்கு இராமாயணத்தில் ஐயத்துக்குரிய பெயர்ச்சான்றும், அர்த்தசாத்திரத்தில் இடவருபெயர்ச் சான்றும் உள்ளன’ என்று எழுதிப் பார்த்தேன், தடையின்றி ஓடுகிறது. களவியல் உரையின் கபாடபுரமும் இந்தக் கவாடமும் ஒன்றுதானா என்னும் வினாவைத் தனியே, வேறு சான்றுகளோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.