லிப்டன் சீட் ஓட்டத்துக்கு ட்ரோன் சரிவருமா?

ஹப்புத்தளை ஓட்டக்காரன்:
ஞாயிறு காலையில் ஒரு கூட்டமாகத் தம்பேதன்ன ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலை) மலை மேலே இருக்கிற லிப்டன் சீட் காட்சிமுனை வரை ஓடுகிறோம். ஏழு கிலோமீட்டர் போல வரும், ஏற்றம்தான். முன்னால் போகிறவனுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் நாலைந்து வளைவு விழுந்துவிடும், யாராவது கால் பிசகி உட்கார்ந்தால் மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கூட்டாளியிடம் 249 கிராம் டிஜேஐ மினி ட்ரோன் இருக்கிறது. அதை விட்டுக் கடைசி ஆட்களைக் கவனிக்கலாமா? தண்ணீர்ப் போத்தலும் இறக்கலாமா?

நாலு விசிறி:
போத்தலை மற மச்சான், அரை லீட்டர் தண்ணீரே ட்ரோனைவிட இரண்டு மடங்கு கனம். அரை மணி நேரம் பறக்கும் என்பதெல்லாம் காற்றில்லாத இடத்துக் கணக்கு. நம்ம மலைக் காற்றில், திரும்பி வரக் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைத்தால், இருபது நிமிஷம் கிடைப்பதே பெரிசு. அதைவிடச் சிக்கல் மலைதான். வளைவுக்கு அந்தப் பக்கம் போனதும் சிக்னல் அறுந்துவிடும், அப்புறம் அது தானாகத் திரும்பி வரப் பார்க்கும். திரும்புகிற உயரத்தை அது கிளப்பிய இடத்திலிருந்துதான் கணக்கிடும், ரோட்டோ ஏறிக்கொண்டே போகிறது, நடுவில் ஒரு மேடு நின்றால் நேரே போய் முட்டும். பனிமூட்டம் இறங்கினால் கேமராவில் வெள்ளை மட்டும்தான். எதற்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் பதிவு, அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்.

பீலிக்கரை:
அண்ணே, நான் தோட்டத்துப் பிள்ளை, அதனால் சொல்கிறேன். ஞாயிறு காலையில்தான் பொம்பளைகள் வெளியில் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளிப்பார்கள். லயத்து வீடுகளுக்கு மேலே கேமரா சுற்றினால் ஓட்டத்தையே நிறுத்தச் சொல்வார்கள், அது நியாயமும்தான். குளவியையும் யோசியுங்கள். கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். கூடு தொங்குகிற மரத்தில் ட்ரோன் உரசினால் கொட்டு வாங்கப்போவது கீழே ஓடுகிறவர்கள்.

பழைய மரதன்:
கடைசி ஆளுக்குப் பின்னால் ஓட்டோவிலோ பைக்கிலோ ஒருத்தரை விடுங்கள், தம்பி. தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும், ஆளுக்கொரு விசில் கொடுங்கள், பெரிய அடி என்றால் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ட்ரோனை வீணாக்கவும் வேண்டாம். விளையாட்டு மைதானத்தில் தாழ்வாகப் பறக்கவிட்டு, பக்கவாட்டில் ஓட்டத்தைப் படம் பிடித்தால் யார் குதிகாலை முன்னால் குத்தி ஓடுகிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஹப்புத்தளை ஓட்டக்காரன்:
சரி, ட்ரோன் மைதானத்துக்கு மட்டும். பின்னால் வர ஓட்டோ ஒன்று பேசலாம். காலை ஆறு மணிக்கு வரக்கூடிய ஆள் யாருக்காவது தெரியுமா?